பிளாஸ்டர் துண்டில் ஐம்பத்தைந்து

தியேட்டர் சிஸ்டரின் சவர்க்காரக் கட்டி இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. துணி துவைக்கும் மஞ்சள் சவர்க்காரத்தில் பாதி. அதன் முதுகு முழுவதும் கறுத்த புள்ளிகள், எறும்பு மொய்த்தது போல. ஒவ்வொரு நாள் காலையும், முதல் நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டு வருவதற்கு முன், அவர் அந்தக் கட்டியை நனைத்து, டயதர்மி இயந்திரத்தின் தகட்டின் மேல் வைத்து, மின்கத்தியின் முனையால் ஒரே ஒரு தடவை தொடுவார். சிறு பொறி பறக்கும். கருகிய கொழுப்பின் வாடை அறைக்குள் கொஞ்ச நேரம் நிற்கும். பொறியின் நிறத்தையும் ஓசையையும் வைத்து, "இன்னைக்கு நல்லாத் தும்முது" என்பார். சில நாட்களில், "இன்னைக்குச் சோம்பல். ரெண்டு கூட்டி வச்சுக்கங்க" என்பார். அதற்கு மேல் அவருக்குச் சோதனை எதுவும் கிடையாது.

நான் மாத்தளை மாவட்டத்தில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் மருத்துவ உபகரணங்களைப் பழுதுபார்த்துச் சோதிக்கும் தொழில்நுட்பவியலாளன். இருபது வருடத்துக்கு மேலாக நாட்குறிப்பு எழுதுகிறேன். எத்தனை மணிக்கு எந்த அறைக்குப் போனேன், எந்த இயந்திரம், என்ன அளவு வந்தது, என்ன மாற்றினேன் என்று வரி விடாமல் எழுதுவேன். கோடு போட்ட கொப்பி, நீல மை, ஒரு நாளுக்கு ஒரு பக்கம். சக ஊழியர்கள் இதைச் சொல்லிச் சிரித்ததுண்டு. சிஸ்டர் எனக்கு வைத்த பெயர் 'பேப்பர் மாத்தயா', சிங்களத்தில் பேப்பர் ஐயா. நான் கருவிப் பெட்டியோடு தியேட்டர் வாசலில் செருப்பை மாற்றும்போதே உள்ளிருந்து குரல் வரும். "பேப்பர் மாத்தயா வந்துட்டாரு. எல்லாரும் நேரா நில்லுங்கடி, அளந்து பாப்பாரு." சத்திரசிகிச்சை நிபுணரிடம் சிங்களத்தில் பேசிக்கொண்டே, எங்களிடம் தமிழுக்கு மாறி, மூன்றாவதாக ஒருவரைக் கண்ணாலேயே அதட்டக்கூடியவர். மாத்தளை டவுனில் பிறந்து அலுவிகாரையில் வீடு கட்டியவர். மூக்குக் கண்ணாடி நழுவாமலிருக்கப் பண்டேஜ் நூலால் பின்னங்கழுத்தில் கட்டியிருப்பார்.

டயதர்மி என்று தியேட்டரில் சொல்வது மின்சாரத்தால் சதையை வெட்டுகிற, இரத்தம் கசியும் இடத்தைச் சுட்டு அடைக்கிற இயந்திரம். முகப்பில் ஒரு திருகு உண்டு. அதை நாற்பதில் வைத்தால் நாற்பது வாட் சக்தி கத்தி முனைக்கு வர வேண்டும். வருகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலைகளில் ஒன்று. சோதனைக் கருவிக்குள் மனித உடலுக்குப் பதிலாக ஒரு மின்தடை இருக்கும். இயந்திரத்தை அதனோடு இணைத்து, மிதியை அழுத்தி, பத்து, இருபது, முப்பது என்று படிப்படியாகத் திருகைக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் உண்மையில் வந்த சக்தியை எழுத வேண்டும். காட்டும் எண்ணுக்கும் வரும் சக்திக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த இயந்திரத்தைப் பாவிக்கக் கூடாது. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. குறைவதன் ஆபத்து என்னவென்று படிக்கும் காலத்தில் எனக்குச் சரியாக விளங்கவில்லை. சிஸ்டரின் தியேட்டரில்தான் விளங்கியது.

எந்த இயந்திரமும் ஒரே நாளில் பலமிழப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். டாக்டர் "போதவில்லை, கூட்டு" என்பார். தாதி கூட்டுவாள். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் கேட்டுக் கூட்டுவது நேர விரயம் என்பதால், எல்லாவற்றுக்கும் பிளாஸ்டர் ஒட்டி எழுதுகிற தியேட்டர் வழக்கப்படி, திருகுக்குக் கீழே வெள்ளைப் பிளாஸ்டர் துண்டில் பேனாவால் எண்ணை எழுதி ஒட்டிவிடுவார்கள். முதலில் முப்பது என்று ஒட்டியிருந்தார்கள். அதன் மேல் நாற்பது. கடைசியாக ஐம்பத்தைந்து. டாக்டர் "வழக்கமானது" என்றால் தாதி துண்டைப் பார்த்துத் திருகுவாள். நோயாளிக்கு எந்தத் தீங்கும் வரவில்லை. ஐம்பத்தைந்தில் வைத்தால் முப்பதுதான் வருகிறது, தேவையும் முப்பதுதான். இயந்திரத்தின் பொய்யை அந்தத் துண்டு திருத்திக்கொண்டிருந்தது. அது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொன்னதில்லை.

அந்தத் துண்டைப் பற்றி நான் அப்போது எதுவும் சொல்லவில்லை. சவர்க்காரத்தைப் பற்றித்தான் சொன்னேன். அங்கீகரிக்கப்படாத சோதனை முறை, சுத்தமான அறைக்குள் அழுக்குப் பொருள், உடனே நிறுத்தப்பட வேண்டும் என்று மூன்று காரணங்களை இலக்கமிட்டு ஒரு கடிதம் எழுதி, பணிப்பாளருக்குப் பிரதி வைத்தேன். நான் எழுதியதில் ஒரு வரியும் பிழையில்லை. சிஸ்டர் கடிதத்தை வாசித்துவிட்டு, கட்டியை ஒரு துணியில் சுற்றி, குப்பைக்கூடையில் போடச் சொன்னார். "சரி மாத்தயா. இனிமே ஒங்க பேப்பரே தும்மட்டும்" என்றார். பக்கத்திலிருந்த தாதிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து வருடாந்தச் சோதனை. இயந்திரத்தை என் அறைக்குக் கொண்டுவரச் செய்து அளந்தேன். நாற்பதில் வைத்தால் இருபத்திரண்டு வந்தது. அறுபதில் முப்பத்து மூன்று. திறந்து பார்த்ததில் வெளியீட்டுப் பகுதியில் சேர்ந்து வேலை செய்ய வேண்டிய உறுப்புகளில் பாதி செத்திருந்தன. மாற்றுவதற்கு இரண்டு நாள் பிடித்தது. மாற்றியபின் நாற்பதில் முப்பத்தொன்பது வந்தது, அறுபதில் ஐம்பத்தெட்டு. அந்த அளவுகளை எழுதும்போது எனக்கு உண்டான திருப்தியை மறைக்க மாட்டேன். பிறகு, வழக்கம் போல, இயந்திரத்தை வெளியே துடைத்தேன். ஸ்பிரிட் பஞ்சு பட்டதும் முகப்பிலிருந்த பிளாஸ்டர் துண்டு நனைந்து சுருண்டு பாதியில் கிழிந்தது.

வாங்கிய பொருளை வாங்கியபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது என் வேலையில் எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. ஒரு திருகாணி தொலைந்தாலும் அதே அளவில் தேடிப் போடுவேன். எனவே மேசை லாச்சியைத் திறந்து புதிய பிளாஸ்டர் எடுத்து, கத்தரியால் நேராக வெட்டி, கிழிந்த துண்டிலிருந்த எண்ணைப் பார்த்து, ஐம்பத்தைந்து என்று அழகாக எழுதி, பழைய துண்டு இருந்த இடத்திலேயே, பழையதைவிட நேராக ஒட்டினேன். அந்தக் கையாலேயே, ஐந்து நிமிடத்துக்கு முன், இந்த இயந்திரம் இனிக் காட்டுவதையே தரும் என்று எழுதியிருந்தேன். இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை. துண்டு எனக்குத் துண்டு, அளவு எனக்கு அளவு. அந்த நாளின் பக்கத்தில் 'முகப்பு துடைக்கப்பட்டது' என்று இருக்கிறது. துண்டைப் பற்றி எதுவும் இல்லை.

காலை ஏழே முக்காலுக்கு இயந்திரத்தைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனேன். சிஸ்டர் அன்றைய பட்டியலோடு நின்றார். படிவத்தை நீட்டினேன். 'வெளியீடு திருத்தப்பட்டது, எல்லைக்குள் உள்ளது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

"ஓடுதா?"

"ஓடுது சிஸ்டர்."

"அது போதும்" என்று சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

அன்று முதல் சத்திரசிகிச்சை கழுத்துக் கழலை, வீங்கிய தைராய்டுச் சுரப்பி. பலாபத்வலயில் வீதியோரம் பழம் விற்கும் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். டாக்டர் "வழக்கமானது" என்றார். இளம் தாதி துண்டைப் பார்த்தாள், திருகினாள். முப்பது வர வேண்டிய இடத்தில் ஐம்பத்துமூன்றோ என்னவோ வந்திருக்கும். முதலில் தோலின் ஓரம் கருகியது. டாக்டர் பிறகு சொன்னது, கை பழகிய வேகத்தில் உள்ளே இரண்டு மூன்று இடம் சுட்டபின்தான் புகை அதிகம் என்று உறைத்து நிறுத்தினாராம். குரலுக்குப் போகும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டித்தான் ஓடுகிறது. அந்தப் பெண் கண் விழித்ததும் தன் தாயைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. இந்தச் சத்திரசிகிச்சையில் அந்த நரம்பு எவர் கையிலும் கெடக்கூடும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கழுத்தில் தீக்காயம் இருந்தது, அதற்குக் காரணம் வேண்டியிருந்தது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். பணிப்பாளரின் அறை. எல்லோருக்கும் தேநீர் வைத்தார்கள், யாரும் தொடவில்லை. நான் கோப்பைக் கொண்டு போயிருந்தேன். திருத்துவதற்கு முந்திய அளவு, பிந்திய அளவு, சோதனைக் கருவியின் சான்றிதழ், சிஸ்டர் கையெழுத்திட்ட படிவம், எல்லாம் வரிசையில். இயந்திரம் சரியாக இருந்ததா என்று கேட்டார்கள். சரியாக இருந்தது என்றேன். பாவிப்போருக்கு அறிவிக்கப்பட்டதா என்றார்கள். படிவத்தைக் காட்டினேன். தலைவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, இவ்வளவு ஒழுங்கான பதிவை இந்த மாவட்டத்தில் பார்த்ததில்லை என்று சொன்னார். பிறகு ஒரு பொலித்தீன் உறையைத் தூக்கிப் பிடித்தார். அதற்குள் அந்தத் துண்டு.

"இது யாருடைய எழுத்து?" என்று சிங்களத்தில் கேட்டார்.

சிஸ்டர் எழுந்து மேசையருகே வந்து குனிந்து பார்த்தார். நூல் கட்டிய கண்ணாடியை மேலே தள்ளி மறுபடியும் பார்த்தார். நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார். நான் என் கோப்பின் முனைகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"தியேட்டர் எழுத்துதான், சேர்" என்றார்.

"எண்ணைத் தீர்மானித்தது?"

"நான்தான்."

அது வெறும் இடமாற்றத்தோடு முடிகிற விஷயமல்ல என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடத் தியேட்டர் வேலையில் அவருக்கு மிஞ்சியிருந்தது அவருடைய பெயர் ஒன்றுதான், அது அந்த மேசையில் கிடந்தது. துண்டை எழுதி ஒட்டியது நான் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. தலைவர் எழுதிக்கொண்டிருந்தார், மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறேன் என்றும் நினைத்தேன். அன்றைய பக்கத்தில் நான் எழுதியது: 'விசாரணை. பத்து மணி முதல் பதினொன்று இருபது வரை. பதிவுகள் ஏற்கப்பட்டன.'

சிஸ்டரை மாவட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் ஏற வேண்டிய இடம். அங்கே தியேட்டர் கிடையாது. கட்டுப் போடும் அறையில் ஒரு வருடம் இருந்து ஓய்வுபெற்றார். பிரியாவிடை எதுவும் நடக்கவில்லை. எங்கள் தியேட்டருக்குப் புது இயந்திரம் வந்தது. காலையில் தானாகவே தன்னைச் சோதித்துப் பச்சை விளக்கு காட்டும். பழைய இயந்திரம் என் அறையின் மூலையில் நின்றது.

விசாரணை முடிந்து இரண்டு வருடம் கழித்து வேறொரு ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குப் போனபோது அங்கிருந்த டயதர்மியிலும் ஒரு பிளாஸ்டர் துண்டைக் கண்டேன். உரித்தேன். "ஏன் சேர் கழட்டுறீங்க? அது இல்லாட்டி எங்களுக்கு வேல ஓடாதே" என்று ஒரு தாதி கேட்டாள். உரித்த துண்டை நாட்குறிப்பின் பக்கத்துக்குள் வைத்து மூடினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அலுவிகாரைக்குப் போனேன்.

சிஸ்டர் முற்றத்தில் சாக்கு விரித்து மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. சிறுநீரகம் போய்விட்டது என்று பிறகு அறிந்தேன்.

"பேப்பர் மாத்தயாவா? வாங்க. என்னத்த அளக்க வந்தீங்க?"

உட்காராமலே சொன்னேன். "அந்தத் துண்டு நான் எழுதினது, சிஸ்டர்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அந்தாளு தூக்கிக் காட்டினாரே, அப்பவே. நான் எழுதுற அஞ்சு ஆட்டு வாலு மாதிரி இருக்கும். அது ஸ்கேல் வச்சு இழுத்த அஞ்சு. இந்த ஜில்லாவுல வேற யாரு அப்பிடி எழுதுவா?"

"அப்ப ஏன் நீங்க சொல்லல?"

அவர் மிளகைக் கையால் பரப்பினார். "நம்பரு என்னுது. நீங்க அழகா எழுதி ஒட்டினீங்க, அவ்வளவுதான். மெஷின் செஞ்சுட்டு வந்திருக்கே, ஒருக்காத் தொட்டுப் பாப்போம்னு எனக்கும் தோணியிருக்கணும். சவக்காரம் இல்லன்னா என்ன, ஒரு எறச்சித் துண்டு கெடைக்காதா? தோணல." ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "நீங்களா வாயத் தொறப்பீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த டீயெல்லாம் ஆறிப்போற வரைக்கும் பாத்தேன்."

இப்போதாவது மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

"இனிமே அத நோண்டி என்ன. திரும்பவும் என்னையக் கூப்பிட்டு ஒக்கார வப்பாங்க. என்னால ஏலாது. அந்தப் புள்ள பலாபத்வலயில இன்னும் பழம் விக்கிது. ஒரு நாள் பஸ்ஸ விட்டு எறங்கிக் கிட்டப் போனேன். என்னையப் பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிச்சு. அதுக்கு நான்தான் எல்லாம் செஞ்சேன்னு இருக்கு. முடிஞ்சா அதுக்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"சொல்றேன், சிஸ்டர்."

"எழுதி வச்சுக்காதீங்க. போய்ச் சொல்லுங்க."

எழுதி வைத்துக்கொண்டேன். 'பலாபத்வல, பழக்கடை' என்று அடுத்த வாரத்துப் பக்கத்தில் குறித்தேன். அந்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரத்துப் பக்கத்துக்கு மாற்றினேன். பதினான்கு மாதம் அந்த இரண்டு சொற்களும் பக்கம் பக்கமாக நகர்ந்தன. இதற்கிடையில் வேலையாகப் பலாபத்வல வழியே பல தடவை போயிருக்கிறேன். கடை வரும்போது மறுபக்க ஜன்னலைப் பார்த்திருக்கிறேன். அவகாசம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள என்னிடம் எப்போதும் பதிவு இருந்தது.

சிஸ்டரின் மரணச் செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அலுவிகாரை வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். எங்கள் தாதிகள் நாலைந்து பேர் வெள்ளை உடுத்து வந்திருந்தார்கள். எனக்குப் பின்வரிசையில் ஒரு பெண் மற்றவளிடம் மெதுவாகக் கேட்டாள், "இவங்க எந்த சிஸ்டர்?" "ஒனக்குத் தெரியாதா, டயதர்மி கேஸ்ல மாட்டினாங்களே, கழுத்தச் சுட்டுட்டாங்கன்னு." "ஆ, அவங்களா." முப்பது வருடம் அவர் கையில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று யாரிடமும் பதிவில்லை. இது மட்டும் இருந்தது.

அடுத்த வாரம் பலாபத்வலயில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வீதியின் இரு பக்கமும் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்திருந்தார்கள். மற்ற வியாபாரிகள் வாகனங்களைப் பார்த்துக் கூவினார்கள். அவள் மட்டும் ஒரு தகர மூடியைக் கத்தியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் தழும்பு நன்றாக ஆறி, பளபளப்பாக இருந்தது. நான் யாரென்று சொன்னேன். எந்த இயந்திரம், என்ன திருத்தினேன், எந்தத் துண்டை எழுதினேன், எங்கே ஒட்டினேன், விசாரணையில் எதைச் சொல்லாமல் இருந்தேன், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கையில் தாள் எதுவும் கொண்டு போகவில்லை. ஒரு வேன் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டப் பார்த்தது. அவள் தட்டவில்லை, அது போய்விட்டது.

அவள் பேசியபோது நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. காகிதத்தைக் கசக்குவது போன்ற ஓசைதான்.

"ஆடி மாசம் ஆடி மாசம் அம்மன் கோயில்ல தேங்கா ஒடச்சேன். அந்தத் தியேட்டர் மிஸ்ஸு பேரச் சொல்லி, நாசமாப் போகட்டும்னு. மூணு வருசம்."

சரிந்த ஒரு ரம்புட்டானைக் கத்தி முனையால் குவியலுக்குத் தள்ளினாள்.

"அவங்க இப்ப எங்க?"

"தவறிட்டாங்க. போன வாரம்தான் எடுத்தாங்க."

அவள் கத்தியை மூடியின் மேல் வைத்தாள். கைகளை மடியில் துடைத்தாள். பிறகு என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு முறை பார்த்தாள்.

"ஒங்க பேரு என்ன?"

சொன்னேன்.

"முழுசாச் சொல்லுங்க. அப்பா பேரையும் சேத்து."

ஒரு லொறி கடந்து போகும்வரை காத்திருந்து, அப்பாவின் பெயரையும் சேர்த்து, பிழை வராதபடி நிறுத்தி நிறுத்தி, இரண்டு தடவை சொன்னேன்.